மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கசிவு: ஒரு லட்சம் யோசனை வந்தும் ஏன் 87 நாள் ஆனது?

நெய்தல் எழுதியது:

2010-இல் நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கடலடியில் உடைந்த குழாயிலிருந்து பழுப்பு நிறத்தில் எண்ணெய் பொங்கிக்கொண்டே இருக்கும் அந்த நேரலைக் காட்சியை ராத்திரி ராத்திரியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஏப்ரல் 20 அன்று டீப்வாட்டர் ஹொரைசன் ரிக் (கடலில் எண்ணெய்க் கிணறு துளைக்கும் மேடை) வெடித்து 11 பேர் இறந்தார்கள், இரண்டு நாளில் ரிக்கே மூழ்கியது, அதற்கப்புறம் ஜூலை 15 வரைக்கும் எண்ணெய் நிற்கவில்லை. அந்தச் சமயத்தில் கிணற்றுக்குச் சொந்தக்காரரான பிபி நிறுவனம் பொதுமக்களிடம் யோசனை கேட்டது. உலகம் முழுக்க இருந்து 1,20,000-க்கு மேல் வந்தன. பெரிய பலூனைக் குழாய்க்குள் விட்டு ஊதுவது, மேலே கான்கிரீட் கொட்டுவது, பழைய கப்பலைக் கொண்டுபோய் அதன் மேல் மூழ்கடிப்பது, திரவ நைட்ரஜனால் உறைய வைப்பது, துணியில் ஒரு பெரிய புனல் தைத்துக் கவிழ்ப்பது, அணுகுண்டு வைப்பது, இப்படி எல்லாமே. நானும் தலைகீழ்க் குடை மாதிரி ஒன்று வரைந்து வைத்தேன், அனுப்பவில்லை.

இத்தனை பேர் யோசித்தும் கிணற்றை அடைத்தது அந்தத் தொழிலில் இருந்தவர்கள் செய்த ஒரு மூடிதான். அப்படியானால் வெளியாட்களின் யோசனைக்கு மதிப்பே இல்லையா, இல்லை கேட்ட விதத்தில்தான் தப்பா? இது ரொம்ப நாளாக மனதில் உறுத்துகிறது. துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

---

ஃபிட்டர்_2 எழுதியது:

தம்பி, நான் குழாய் வேலை பார்ப்பவன். என் அனுபவத்தில் உடைந்த குழாயை அடைக்க இரண்டே வழி: உள்ளே ஏதாவது வைத்து இறுக்கணும், இல்லை மேலே ஃபிளாஞ்ச் (குழாய் முனையில் போல்ட் துளைகளோடு இருக்கும் விளிம்புத் தட்டு) போட்டு போல்ட் முடுக்கணும். பலூன் யோசனை அவ்வளவு மோசமில்லையே? கழிவுக் குழாயைச் சோதிக்க நாங்கள் அதைத்தான் செய்கிறோம், ரப்பர் பையை உள்ளே தள்ளி ஊதிவிட்டால் தண்ணீர் நின்றுவிடும். அங்கே ஏன் நிற்காது?

---

மட் லாக் எழுதியது:

கடலில் 14 வருஷம் மட் இன்ஜினியராக வேலை பார்த்தேன் (துளைக்கும்போது கிணற்றுக்குள் செலுத்தும் கனமான சேற்றுக் கலவையைத்தான் மட் என்போம்), இந்தக் கிணற்றில் அல்ல, ஆனால் இதே மாதிரி ஆழமான கிணறுகளில். ஃபிட்டர் அண்ணன் கேட்டதற்குக் கணக்கோடு பதில் சொல்கிறேன், ஏனென்றால் கணக்கு இல்லாமல் இதில் எதையும் பேச முடியாது.

அந்த இடத்தில் கடல் ஆழம் சுமார் 1,500 மீட்டர். அங்கே சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தமே 150 வளிமண்டலம். கிணற்றை முழுசாக மூடினால் வாயில் இருக்கும் அழுத்தம் அதைவிட இன்னும் 300 வளிமண்டலம் அதிகம். ஒரு வளிமண்டலம் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. ரைசர் குழாயின் (கிணற்று வாயிலிருந்து ரிக்குக்கு ஏறும் குழாய்) உள்விட்டம் கிட்டத்தட்ட 50 செ.மீ., அதாவது ஏறத்தாழ 1,960 சதுர செ.மீ. பெருக்கிப் பாருங்கள், அடைப்பானை வெளியே தள்ளும் விசை 600 டன்னுக்குப் பக்கத்தில் வரும். கழிவுக் குழாயில் உங்கள் ரப்பர் பையைத் தள்ளுவது சில நூறு கிலோதான். உரசலை மட்டும் நம்பி நிற்கும் எந்தப் பொருளும் அங்கே நிற்காது. கப்பலை மேலே போட்டாலும் கான்கிரீட் கொட்டினாலும் இதே கதைதான். எண்ணெய் பக்கத்தில் வழி பார்த்துக்கொள்ளும், அடியில் இருப்பதோ மெத்தென்ற சேறு. கான்கிரீட் கெட்டியாகும் வரைக்கும் பாயும் எண்ணெய் சும்மா இருக்காது, கரைத்துக்கொண்டு போய்விடும்.

"பெரிய இடுக்கி வைத்து நசுக்கிவிடலாமே" என்றும் பல பேர் எழுதியிருந்தார்கள். அந்த இடுக்கி ஏற்கெனவே அங்கே இருந்தது. கிணற்று வாயில் நிற்கும் ப்ளோஅவுட் பிரிவென்டர் என்பது அதுதான், நூற்றுக்கணக்கான டன் எடை. அதில் குழாயை வெட்டி மூடும் கத்திகள் உண்டு. உள்ளே இருந்த டிரில் பைப் (துளைக்கும் குழாய்) வளைந்து ஓரமாக ஒதுங்கிவிட்டதால் கத்தி முழுசாக வெட்டவில்லை. ரோபோக்களை இறக்கிப் பல நாள் அதை இயக்கப் பார்த்தார்கள், நடக்கவில்லை.

---

வேதியியல் வாத்தியார் எழுதியது:

நெய்தலின் குடையைப் பற்றி நான் சொல்கிறேன், அது என் பாடம். அதை உண்மையிலேயே செய்து பார்த்தார்கள். மே மாதம் முதல் வாரத்தில் ஏறத்தாழ 100 டன் எடையில், நான்கு மாடி உயரத்தில் ஓர் இரும்புக் கூடாரம் இறக்கப்பட்டது. மேலே ஒரு குழாய் வைத்து எண்ணெயைக் கப்பலுக்கு ஏற்றிவிடலாம் என்று திட்டம். கசிவின் மேல் அதை வைத்த கொஞ்ச நேரத்திலேயே உள்ளே பனிக்கட்டி மாதிரி ஒன்று அடைத்துக்கொண்டது. தண்ணீரும் மீத்தேனும் அதிக அழுத்தத்தில், குளிரில் சேரும்போது உண்டாகும் ஹைட்ரேட் அது. நீர் மூலக்கூறுகள் கூண்டு மாதிரி கட்டிக்கொண்டு வாயுவை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். சாதாரணப் பனிக்கட்டி உருகிவிடும் வெப்பத்திலும் இது அந்த ஆழத்தில் உருகாது. மேலே குழாய் அடைபட்டது ஒரு பிரச்சினை. ஹைட்ரேட்டும் வாயுவும் தண்ணீரைவிட எடை குறைவு என்பதால் கூடாரமே மேலே மிதக்கத் தொடங்கியது இன்னொன்று.

இதில் நான் கவனித்த விஷயம், ஹைட்ரேட் வரும் என்று துறைக்காரர்களுக்குத் தெரியும், இவ்வளவு வேகத்தில் இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. உள்ளே எவ்வளவு வாயு வருகிறது என்ற கணக்கு சரியாக இருந்தால்தானே அதை எதிர்பார்க்க முடியும்?

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

வாத்தியார் கடைசி வரியில் சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். நான் சொல்ல வந்ததும் அதுவேதான், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த விபத்தில் எல்லாவற்றையும் தீர்மானித்தது ஒரே ஓர் எண்: நாளொன்றுக்கு எத்தனை பீப்பாய் வெளியேறுகிறது. முதலில் 1,000 என்றார்கள். ஏப்ரல் கடைசியில் 5,000 என்றார்கள். மே மாதம் முழுக்க அந்த 5,000-ஐயே பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிற்பாடு அரசு அறிவியலாளர்கள் போட்ட கணக்கின்படி தொடக்கத்தில் 62,000, மூடும்போது 53,000. பன்னிரண்டு மடங்கு வித்தியாசம்!

இப்போது மே கடைசியில் நடந்த "டாப் கில்" முயற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கனமான மட் கலவையை மேலிருந்து வேகமாகச் செலுத்தி எண்ணெயைக் கீழே அமுக்குவது, கூடவே கோல்ஃப் பந்து, டயர் துண்டு போன்றவற்றை உள்ளே தள்ளி ஓட்டைகளை அடைப்பது. மே 26-இல் தொடங்கி மூன்று நாள் செய்தார்கள். அந்த முறை நாளுக்கு 15,000 பீப்பாய்க்குக் கீழே ஓட்டம் இருந்தால்தான் பலிக்கும் என்று பொறியாளர்கள் உள்ளுக்குள்ளே கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். வெளியே சொல்லிக்கொண்டிருந்த 5,000 நிஜமாக இருந்திருந்தால் ஜெயித்திருக்கும். கிணறு அதைவிடப் பல மடங்கு கொட்டிக்கொண்டிருந்தது, செலுத்திய மட் எல்லாம் மேலே வழியாகவே போய்விட்டது.

ஆக, ஒரு லட்சம் பேரும் எந்தக் கிணற்றுக்கு யோசனை சொன்னார்கள்? இல்லாத ஒரு கிணற்றுக்கு. நாளுக்கு 5,000 பீப்பாய் கசியும் கிணற்றுக்கு. அதற்கு நெய்தலின் குடைகூட ஒருவேளை சரிப்பட்டிருக்கும். நோயாளியின் காய்ச்சல் எவ்வளவு என்பதை மறைத்து வைத்துக்கொண்டு ஊரையெல்லாம் மருந்து கேட்டால் யார் என்ன சொல்ல முடியும்? இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வருகிறது.

இது என் சந்தேகம் மட்டும் இல்லை. 2012-இல் பிபி ஒப்புக்கொண்ட குற்றங்களில், 11 பேரின் மரணத்துக்கான குற்றச்சாட்டுகளோடு சேர்த்து, கசிவு அளவைப் பற்றி அமெரிக்க நாடாளுமன்றத்திடம் உண்மையை மறைத்ததும் ஒன்று.

---

அலைவரிசை எழுதியது:

கோபம் நியாயம். ஆனால் அதே கதையில் வெளியாட்கள் நிஜமாகவே சாதித்த இடம் ஒன்று இருக்கிறது, யாரும் அதை "யோசனை" என்று கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த எண்ணைக் கண்டுபிடித்ததே வெளியாட்கள்தான்.

செயற்கைக்கோள் படங்களை வைத்து ஸ்கைட்ரூத் என்ற சின்ன அமைப்பும் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகக் கடலியலாளர் இயன் மெக்டொனால்டும் மே 1 வாக்கிலேயே நாளுக்கு 26,000 பீப்பாய்க்கு மேல் போகிறது என்று சொல்லிவிட்டார்கள். மே 12 அன்று குழாய் முனையின் ஒரு சின்ன வீடியோத் துண்டு, அரை நிமிஷம் இருக்கும், வெளியிடப்பட்டது. பர்டூ பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் வெர்லி அதை ஃபிரேம் ஃபிரேமாக எடுத்து, எண்ணெய்ச் சுழல் ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் நகர்கிறது என்று அளந்து, நாளுக்கு ஏறத்தாழ 70,000 என்றார், 20 சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம் என்பதையும் சேர்த்தே சொன்னார். கடைசியில் வந்த 62,000-உடன் ஒப்பிட்டுப் பாருங்கள், அரை நிமிஷக் காட்சியை வைத்து அவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறார்.

அதே வாரத்தில் ரைசருக்குள் ஒரு சின்னக் குழாயைச் செருகி எண்ணெய் எடுத்தார்கள். ஒரு நாளில் 5,000 பீப்பாய் பிடித்தோம் என்று பிபியே அறிவித்தது. பக்கத்தில் எண்ணெய் இன்னும் பொங்கிக்கொண்டிருந்தது நேரலையில் எல்லோருக்கும் தெரிந்தது. அன்றோடு 5,000 என்ற எண் செத்தது.

---

ஃபிட்டர்_2 எழுதியது:

600 டன் கணக்கைப் பார்த்த பிறகு பலூனை விட்டுவிட்டேன், மட் லாக் தம்பிக்கு நன்றி. ஆனால் என் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. கடைசியில் போட்டது ஃபிளாஞ்ச் மூடிதானே? ஃபிளாஞ்ச் முதல் நாளிலிருந்தே அங்கே இருந்திருக்கும். ஏப்ரலிலேயே போல்ட்டைக் கழற்றிவிட்டு மூடியைப் போட்டிருக்கலாமே? ஒரு குழாய்க்காரர் இந்தப் படத்தை முன்னாடியே வரைந்து கொடுத்ததாகப் படித்தேன், உண்மையா?

---

மட் லாக் எழுதியது:

அண்ணே, அந்தச் செய்தி வந்தது உண்மை. பெர்க்கிலி பேராசிரியர் ராபர்ட் பியாவைப் பெயர் சொல்ல விரும்பாத ஒரு பிளம்பர் கூப்பிட்டு ஃபிளாஞ்ச் மூடியின் வரைபடம் கொடுத்ததாகவும், அவர் அதை மேலே அனுப்பியதாகவும் பத்திரிகைகளில் வந்தது. கடைசியில் இறங்கிய மூடி அதைப் பார்த்தே செய்ததா என்று யாரும் உறுதிப்படுத்தவில்லை. மூன்று வால்வு அடுக்கிய மூடி எங்கள் தொழிலில் புதிதும் இல்லை. ஆனால் குழாய் வேலை தெரிந்த ஒருவருக்கு அதே தீர்வு தோன்றியிருக்கிறது பாருங்கள், அதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஏன் சீக்கிரம் போடவில்லை என்பதற்கு இரண்டு பதில். முதலாவது வெட்கமான பதில்: 1,500 மீட்டர் ஆழத்தில் கொட்டும் கிணற்றில் மாட்டுவதற்கென்று அப்படி ஒரு மூடி தயாராக எங்கேயும் இல்லை. அவ்வளவு ஆழத்தில் துளைக்கத் தெரிந்த தொழில், மூடத் தேவையானதைச் செய்து வைத்திருக்கவில்லை. எங்கள் துறையின் தப்பு அது, நான் அதை மழுப்ப மாட்டேன்.

இரண்டாவது பயம். கிணறு என்பது கடல் தரைக்குக் கீழே இன்னும் 4 கிலோமீட்டர் போகிறது, இரும்புக் குழாய்களும் சிமென்ட்டும் அடுக்கடுக்காக. நடுவில் அழுத்தம் தாங்காமல் திறந்துகொள்ளும் தட்டுகள் சில இருந்தன. டாப் கில் தோற்றபோது, மட் அந்தத் தட்டுகள் வழியாகப் பக்கத்துப் பாறைக்குள் போயிருக்குமோ என்று சந்தேகப்பட்டார்கள். அப்படி உடைந்திருந்தால், மேலே மூடிய மறுகணம் எண்ணெய் பக்கவாட்டில் கசிந்து கடல் தரையைப் பிளந்துகொண்டு வரும். அப்போது அடைக்க ஒரு வாய்கூட இருக்காது. அந்த பயத்தில்தான் ஜூன் முழுக்க மூடுவதை விட்டுவிட்டுப் பிடித்து எடுப்பதில் இறங்கினார்கள். வைரக் கம்பி ரம்பத்தால் ரைசரை வெட்டப் போனார்கள், ரம்பம் சிக்கிக்கொண்டது, பெரிய கத்தரியால் வெட்டியதில் விளிம்பு கோணல்மாணல் ஆனது, மேலே வைத்த தொப்பி சரியாக உட்காரவில்லை. ஜூலையில் அந்த மிச்சத் துண்டையே ஆறு போல்ட் கழற்றி எடுத்துவிட்டுத்தான் நல்ல மூடியை மாட்டினார்கள்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

இதில் கவனியுங்கள் நண்பரே, அந்தப் பயமே தப்பான எண்ணிலிருந்து வந்ததுதான். டாப் கில் தோற்றதற்குக் காரணம் ஓட்டம் அதிகம் என்று ஒப்புக்கொண்டிருந்தால் தட்டுகளின் மேல் சந்தேகம் அவ்வளவு போயிருக்காது. மூடியை முன்னாலேயே முயன்றிருப்பார்கள்.

---

மட் லாக் எழுதியது:

பாதி ஒப்புக்கொள்கிறேன். மூடியைத் தயாரித்துச் சோதிக்க வாரக்கணக்கில் ஆகும், எண் சரியாக இருந்தாலும் ஏப்ரலில் முடிந்திருக்காது. ஜூனில் முடிந்திருக்கலாம். ஜூனுக்கும் ஜூலை 15-க்கும் இடையில் நாளுக்கு 50,000 பீப்பாய்க்கு மேல் என்றால், சரி, அது சின்ன விஷயம் இல்லைதான்.

---

புதுவரவு எழுதியது:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். அணுகுண்டு யோசனையை யாரும் தொடவே இல்லையே? சோவியத் ஒன்றியம் அப்படிச் செய்து அணைத்ததாகப் படித்திருக்கிறேன்.

---

மட் லாக் எழுதியது:

செய்தார்கள். உஸ்பெகிஸ்தானில் உர்த்தா-புலாக் எரிவாயுக் கிணறு மூன்று வருஷத்துக்குப் பக்கமாக எரிந்தது, 1966 செப்டம்பரில் 30 கிலோடன் குண்டை நிலத்துக்கு அடியில் வெடித்து அணைத்தார்கள். அப்புறம் இன்னும் நான்கு தடவை முயன்றார்கள், அதில் குறைந்தது ஒன்று தோல்வி. எல்லாமே நிலத்தில் இருந்த எரிவாயுக் கிணறுகள். முக்கியமான விஷயம், குண்டை வைக்கவே கிணற்றுக்கு மிகப் பக்கத்தில் ஆழமாக இன்னொரு துளை போடணும். அந்தத் துளையைப் போட முடியும் என்றால் அதன் வழியாக மட், சிமென்ட் இரண்டையும் செலுத்தியே கிணற்றைக் கொன்றுவிடலாம், ரிலீஃப் வெல் என்பது அதுதானே. வளைகுடாவில் மே மாதமே இரண்டு ரிலீஃப் வெல் தொடங்கிவிட்டார்கள். குண்டு எந்த நேரத்தையும் மிச்சப்படுத்தாது, தப்பாகப் போனால் திரும்ப வழியும் கிடையாது. அமெரிக்க அரசு அதை எடுத்துக்கொள்ளவே இல்லை, சரியான முடிவு.

---

வேதியியல் வாத்தியார் எழுதியது:

அடைப்பதை விட்டு அள்ளுவதற்கு வருகிறேன். இங்கேதான் பொதுமக்கள் மனதோடு ஈடுபட்டார்கள். முடிதிருத்தும் நிலையங்களில் வெட்டிய முடியைச் சேர்த்து, பழைய நைலான் காலுறைகளில் அடைத்து, எண்ணெய் உறிஞ்சும் பூம் (தண்ணீரில் மிதக்கும் தடுப்பு) செய்து அனுப்பினார்கள். முடி எண்ணெயைப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் அது தண்ணீரையும் சேர்த்துக் குடித்துக் கனத்து மூழ்கப் பார்க்கும். கடைகளில் விற்கும் செயற்கை உறிஞ்சு பூம் அதைவிட அதிக எண்ணெயும் மிகக் குறைந்த தண்ணீரும் எடுத்தது சோதனையில் தெரிந்ததால் பயன்படுத்தவில்லை. அனுப்பியவர்களுக்கு இதை முன்னாலேயே தெளிவாகச் சொல்லியிருக்கணும். அத்தனை பேர் உழைப்பு மூட்டை மூட்டையாகக் கிடங்கில் கிடந்தது.

அதே நேரத்தில் லூசியானா மாநில அரசு கேட்டு வாங்கிய மணல் திட்டுத் திட்டத்தைப் பாருங்கள். சுமார் 22 கோடி டாலர் செலவு, பிடித்த எண்ணெய் ஏறத்தாழ 1,000 பீப்பாய் என்று பின்னால் வந்த தேசிய ஆணையம் சொன்னது. யோசனை யாரிடமிருந்து வந்தது என்பதைப் பார்த்து மதிப்புப் போட்டால் இப்படித்தான் ஆகும். முடிக்குச் சோதனை நடந்தது, மணல் திட்டுக்கு அந்த அளவு சோதனை நடக்கவில்லை.

---

அலைவரிசை எழுதியது:

மொத்தமாகவே கடல் மேல் அள்ளியது எவ்வளவு என்று பாருங்கள். 2010 ஆகஸ்டில் அரசு போட்ட கணக்கில் மேலே வழித்தெடுத்தது 3 சதவீதம், எரித்தது 5 சதவீதம், கிணற்று வாயிலேயே பிடித்தது 17. ஒரு தடவை பரவிவிட்டால் அள்ளுவது என்பது அவ்வளவுதான்.

ஆனால் அடுத்த வருஷமே ஒரு நல்லது நடந்தது. எக்ஸ் பிரைஸ் அமைப்பு 14 லட்சம் டாலர் பரிசுப் போட்டி வைத்தது. நியூ ஜெர்சியில் உள்ள சோதனைத் தொட்டியில் எண்ணெய் ஊற்றி, நிமிஷத்துக்கு 2,500 கேலன், எடுத்ததில் 70 சதவீதம் எண்ணெயாக இருக்கணும் என்று வரம்பு வைத்தார்கள். ஜெயித்த எலாஸ்டெக் குழு நிமிஷத்துக்கு 4,670 கேலன் எடுத்தது, அதில் கிட்டத்தட்ட 90 சதவீதம் எண்ணெய்.

இன்னொன்று இதற்கும் முன்னாடி, 2007-இல். அலாஸ்காவில் எண்ணெய்க் கசிவு மீட்பு நிறுவனம் ஒன்று 20,000 டாலர் பரிசு வைத்து ஒரு கேள்வி கேட்டது: குளிரில் தொட்டிக்குள் கெட்டியாகிப்போன எண்ணெயும் தண்ணீரும் கலந்த கூழைப் பம்ப் செய்வது எப்படி? பதில் சொன்னவர் எண்ணெய்த் துறைக்காரரே இல்லை, இல்லினாயைச் சேர்ந்த ஒரு வேதியியலாளர். கான்கிரீட் போடும் இடத்தில் அது இறுகாமல் இருக்க ஒரு அதிர்வுக் கருவியை உள்ளே விடுவார்களே, அதையே இங்கேயும் விடுங்கள் என்றார். அவ்வளவுதான். ஃபிட்டர் அண்ணன் மாதிரி கையால் வேலை பார்த்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும் விஷயம்.

இரண்டையும் 2010 வேண்டுகோளோடு ஒப்பிடுங்கள். இங்கே கேள்வி குறிப்பாக இருந்தது, எண்கள் கையில் கொடுக்கப்பட்டன, சோதிக்க ஓர் இடம் இருந்தது. அங்கே "ஏதாவது யோசனை இருந்தால் அனுப்புங்கள்" என்பதுதான்.

---

நெய்தல் எழுதியது:

அப்படியானால் அடுத்த தடவை எப்படிக் கேட்கணும்? ஆழம், அழுத்தம், ஓட்டம், வாயு எவ்வளவு, வாயின் வரைபடம், இவை எல்லாவற்றையும் முதல் வாரமே வெளியே போட்டுவிட்டால்?

---

மட் லாக் எழுதியது:

வழக்கு வரும் என்று தெரிந்த எந்த நிறுவனமும் அதைத் தானாகப் போடாது. அபராதம் பீப்பாய்க் கணக்கில்தான், அதனால் ஓட்டத்தைக் குறைத்துச் சொன்னால் காசு மிச்சம். பிற்பாடு நீதிமன்றத்திலும் எத்தனை பீப்பாய் என்பதில்தான் சண்டையே, கடலில் கலந்தது சுமார் 42 லட்சம் என்றது அரசு, நீதிபதி எடுத்துக்கொண்டது 31.9 லட்சம். ஆகவே அளக்கும் வேலை கொட்டியவர் கையில் இருக்கவே கூடாது. துளைக்க அனுமதி கொடுக்கும்போதே, கசிந்தால் நேரலையும் அழுத்த அளவுகளும் பொதுவில் வரணும் என்று எழுதி வாங்கிவிடணும்.

மூடி விஷயத்தில் நிலைமை மாறிவிட்டது, அதையும் சொல்லணும். இப்போது அப்படிப்பட்ட மூடிகள் நார்வே, பிரேசில், தென்னாப்பிரிக்கா, சிங்கப்பூர் என்று தயாராக வைக்கப்பட்டிருக்கின்றன. 1979-இல் மெக்சிகோவின் இக்ஸ்டாக் கிணறு வெறும் 50 மீட்டர் தண்ணீரில் ஒன்பது மாதத்துக்கு மேல் கொட்டியது. அதற்கும் மேலே கவிழ்க்க ஒரு கூம்பு, உள்ளே இரும்புக் குண்டு, ஈயக் குண்டு, மட், கடைசியில் ரிலீஃப் வெல். 31 வருஷம் கழித்து அதே வரிசை. மூடி செய்து வைக்கும் அறிவு 2010-க்குப் பிறகுதான் வந்தது.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

கடைசியாக ஒரு சம்பவம், மூடிய அன்று ராத்திரி நடந்தது. வால்வை மூடிவிட்டு அழுத்தம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 7,500 பிஎஸ்ஐ-க்கு (அழுத்தத்தை அளக்கும் அலகு) மேல் போனால் கிணறு பத்திரம், 6,000-க்குக் கீழே நின்றால் எங்கோ உடைந்திருக்கிறது, உடனே திறக்கணும் என்று முன்பே முடிவு. ஏறியது 6,600 பக்கம் வந்து மந்தமாகிவிட்டது. இரண்டும் இல்லாத நடுவாந்தரம். திறந்துவிடலாம் என்ற பேச்சு பலமாக இருந்தது.

அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையில் நிலத்தடி நீர் ஆராயும் பால் ஷே என்பவர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒரு மாதிரிக் கணக்குப் போட்டார். எண்ணெய்க்காரர் இல்லை, நீரியல்காரர். 87 நாள் இவ்வளவு எண்ணெய் வெளியே போய்விட்டதால் கீழே இருக்கும் பாறையின் அழுத்தமே இறங்கியிருக்கிறது, உடைப்பினால் வந்த குறைவு இல்லை என்று காட்டினார். காலையில் அதை வைத்துத்தான் மூடியபடியே விட்டார்கள், கிணறு பத்திரமாக இருந்தது.

இதில் ஓட்டம் நாளுக்கு 5,000 என்று வைத்துக் கணக்குப் போட்டால் பாறை அவ்வளவு இறங்கியிருக்க வழியே இல்லை. உடைப்பு என்றுதான் விடை வந்திருக்கும், மறுபடியும் திறந்துவிட்டிருப்பார்கள்.

---

நெய்தல் எழுதியது:

இதைப் படித்துவிட்டுப் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். குடைப் படம் இருக்கிறது. கைப்பிடி, விலா எல்லாம் வரைந்திருக்கிறேன், எண் மட்டும் ஒன்றுகூட எழுதவில்லை. மட் லாக் அண்ணா, வாத்தியார் ஐயா, 60,000 பீப்பாயும் அதோடு வரும் வாயுவும் வைத்து அதன் அகலத்தைக் கணக்குப் போட எங்கிருந்து தொடங்கணும் என்று சொன்னால், இந்த வாரம் உட்கார்ந்து போட்டுப் பார்க்கிறேன்.

---

வேதியியல் வாத்தியார் எழுதியது:

வாயுவிலிருந்து தொடங்குங்கள். ஹைட்ரேட் எந்த வெப்பத்தில் உருகும் என்ற வரைகோட்டை நாளைக்கு இங்கேயே போடுகிறேன்.